வெந்நீர்க் கலமும் கடின நீரும்

சென்னையில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. ஆகவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு இல்லங்களில் கீசர் என்னும் வெந்நீர்க் கலத்தைச் சோதிப்பது குளிரன்று, நிலத்தடி நீரே. சாயந்தோய்க்கும் நம் அங்கத்தினர்களுக்குக் கடின நீரின் குணத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. அந்நீர் சூடேறுங்கால் சுண்ணம் பிரிந்து, சூடேற்றும் சுருளின் மேல் ஓடுபோற் படிகிறது. படிவு தடித்தால் சூடு நீருக்கு எளிதிற் செல்லாது, சுருள் கருகும். கடலோரத்து உப்பு நீரோ கலத்தையே அரிக்கும்.

2003ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின் பல கிணறுகளில் உப்பு தணிந்ததுண்டு. ஆயினும் வாங்குமுன் நீரைச் சோதித்தறிதல் நலம். சிறு குடும்பத்திற்கு 15 லிட்டர் கலம் போதும். 2 கிலோவாட் சுருள் கால் மணி நேரத்தில் அதனைக் குளிக்கும் சூட்டிற்குக் கொணரும். உட்புறம் கண்ணாடிப் பூச்சும், தான் கரைந்து கலத்தைக் காக்கும் மக்னீசியத் தண்டும் உள்ளனவா எனக் கேளுங்கள். கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

நில இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் இன்றியமையாதவை. ஈர உடம்போடு நிற்கும் இடமல்லவா? பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று அதன் வாயை அடைத்தல் ஆகாது. அழுத்தம் மிகுந்தால் கலம் வெடிக்கக்கூடும். சூட்டை 60 டிகிரிக்குள் வைத்தால் படிவு குறையும். ஆண்டுதோறும், மழைக்காலம் முடியுமுன், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு கலத்தை வடித்துப் படிவை நீக்கி, தண்டு தேய்ந்திருப்பின் மாற்றிடுக. நீர் மிகக் கடினமாயின் ஆறு திங்களுக்கொருமுறை.