கடலில் தொடங்கி மேகத்துக்கு மேலே... எரிமலைத் தீவில் ஒரு 74 கி.மீ ஓட்டம்!

மே மாதம், காலை 6 மணி. கும்மிருட்டு. கடலோரக் கலங்கரை விளக்கத்தின் அடியில், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். சிக்னல் கிடைத்ததும் அத்தனை விளக்குகளும் வரிசையாக மலையேறத் தொடங்குகின்றன.

இது ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் நடக்கும் 'ட்ரான்ஸ்வல்கேனியா' ஓட்டம். 2009-ல் தொடங்கியது. சுமார் 74 கி.மீ தூரம். வழியில் வரும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 4,000 மீட்டரைத் தாண்டும்!

ஜாண் ஏறினால் முழம் சறுக்கும்

இங்கே தார் ரோடு, மண் பாதை என்று எதிர்பார்க்காதீர்கள். காலுக்கடியில் இருப்பது எரிமலை கக்கிய கரும்மணலும் கற்களும்தான். ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தெனெகியா எரிமலை. 1971-ல் வெடித்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம் வரை, கால் புதையப் புதைய ஏற வேண்டும்.

விடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை நெற்றி விளக்குதான் துணை. வானிலை ஒத்துழைத்தால், சூரியன் வரும்போது மேகங்கள் கீழே கடல் மாதிரி விரிந்துகிடக்கும்.

நட்சத்திரம் பார்க்கும் சிகரம்

பாதையின் உச்சி, 2,426 மீட்டர் உயரமுள்ள ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ். 10.4 மீட்டர் கண்ணாடி கொண்ட பிரமாண்டத் தொலைநோக்கி இருப்பது இங்குள்ள வானியல் ஆய்வகத்தில்தான். தெரு விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று 1988-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

உச்சியைத் தொட்டவர்களுக்கு அடுத்த சோதனை, இறக்கம். தசகோர்த்தே துறைமுகம் வரை நேராகக் கடல் மட்டத்துக்கே இறங்க வேண்டும். முழங்கால்கள் கெஞ்சும். அங்கிருந்து மறுபடியும் ஓர் ஏற்றம். முடிவுக்கோடு, லோஸ் யானோஸ் என்ற ஊரில்.

2015-ல் ஸ்பெயின் வீரர் லூயிஸ் ஆல்பெர்த்தோ எர்னாண்டோ இந்த மொத்தத் தூரத்தையும் 6 மணி 52 நிமிடங்களில் கடந்தார். சாமானியர்கள் பலர் வந்து சேர இரவாகிவிடும்.

85 நாள் நெருப்பு

2021 செப்டம்பர் 19. தீவின் மேற்குச் சரிவில் பூமி பிளந்தது. 85 நாள்கள் நெருப்புக் குழம்பு ஓடியது. சுமார் 7,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1,300-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தொதோக்கே என்ற குடியிருப்பே குழம்புக்குள் புதைந்தது. வாழைதான் இந்தத் தீவின் முக்கிய விவசாயம். அந்தத் தோட்டங்களும் தப்பவில்லை.

அதிகம் பறிகொடுத்த பகுதிகளில் ஒன்று, ஓட்டம் முடியும் அதே லோஸ் யானோஸ்.

எரிமலை அடங்கிய பிறகு ஓட்டம் திரும்ப வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு சாகசம். ஊர்க்காரர்களுக்கோ, தங்களை வாழவைத்ததும் வீட்டைப் பறித்ததும் ஒரே மலைதான். அந்த மலையைத் தாண்டி வருகிறவர்களுக்காகத்தான் சாலையின் இருபுறமும் நின்று கைதட்டுகிறார்கள். குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியாக வருபவருக்கும் அதே கைதட்டல்தான்.

இந்தத் தீவின் பைன் மரங்களுக்கும் ஒரு குணம் உண்டு. பட்டை கருகினாலும் உள்ளிருந்து துளிர்விடும். எரிமலைக்கு அருகே கருகிய மரங்களும் சில மாதங்களிலேயே துளிர்விட்டுவிட்டன!