காய் கனிவது எவ்வாறு?

நம் குடியிருப்பின் பின்புறத்தில் நாம் வளர்க்கும் வாழையைக் காண்போம். கல்லைப்போல் இருந்த காய் சில நாள்களில் குழைந்து இனிப்பது எவ்வாறு?

காய் எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. அவ்வறைகளைச் செங்கற்கள் எனக் கொண்டால், அவற்றை ஒட்டவைக்கும் சாந்து பெக்டின் என்னும் பொருளாகும். காய் முற்றியதும் எத்திலீன் என்னும் வாயு அதனுள் பெருகுகிறது. அதன் தூண்டுதலால் நொதிகள் உண்டாகிப் பெக்டினைச் சிறு துண்டுகளாக அறுக்கின்றன. சாந்து கரையவே அறைகள் நெகிழ்கின்றன, பழம் மென்மையடைகிறது. வேறு நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன.

காயை அரிசிப் பானையில் புதைத்துப் பழுக்கவைத்த நம் பாட்டிமார், இவ்வாயு சிதறிப்போகாமல் காத்தனர். ஆனால் அதே வாயு நமக்கு இழப்பையும் தரவல்லது. ஒரு பழம் அருகிலுள்ள காய்களையும் விரைந்து கனியச் செய்யும். அடிபட்ட காயோ இவ்வாயுவை மிகுதியாக வெளியிடும். குளிர்பதனப் பெட்டியும் வாழைக்காய்க்குத் தீர்வன்று. சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழ் அதன் தோல் கறுக்கும். காயும் செவ்வனே பழுக்காது.

ஆகவே, விற்பனைக்குரிய காய்களை முற்றியபின், பழுக்குமுன் வெட்டுவோம். அவற்றை எறியாமல் மெதுவாக இறக்கி, காற்றோட்டமான நிழலில் வைப்போம். பழுத்தவற்றையும் அடிபட்டவற்றையும் உடனே பிரித்தெடுப்போம். ஒரு பழத்தால் ஒரு கூடை வீணாகாதிருக்க, நம் உழைப்பின் பயன் நம் கையிலேயே தங்கும்.