அதிகாரமா, ஊழியமா?

மூன்று மாதங்களுக்கு முன் கருவடிக்குப்பத்திலிருந்து ஓர் இளைஞர் நமது காரியாலயத்திற்கு வந்தார். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். இரவில் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறவர். சல்லிக்காசு சன்மானமின்றி மூன்றாண்டுகளாக இத்தொண்டைச் செய்து வருகிறார். “ஐயா, நான் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக வேண்டும். தாங்கள் வக்கீல், பத்திரிகையும் நடத்துகிறீர்கள். அதற்கு வேண்டிய பயிற்சியை எனக்குத் தாங்கள்தாம் தரவேண்டும்” என்றார்.

எதற்காக அந்தப் பதவி என்று கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் உலாவிய குயில் தோப்பு கருவடிக்குப்பத்தில் உள்ளது என்பதை வாசகர்கள் அறிவர். அத்தோப்பைக் குறித்து ஒருவர் ஆதாரம் காட்டாமல் சில செய்திகளை எழுதுகிறாராம். நம் இளைஞர் நீக்குகிறார். அவர் மீண்டும் சேர்க்கிறார். “நிர்வாகியாகிவிட்டால் பக்கத்தைப் பூட்டிவிடலாம்; அவரையும் தடை செய்துவிடலாம்” என்றார் இளைஞர்.

அவருடைய ஊர்ப்பற்றை நாம் மெச்சினோம். ஆயினும், அந்தக் காரணம் ஒன்றே அவர் இன்னும் அப்பதவிக்குப் பக்குவப்படவில்லை என்பதற்குப் போதிய சாட்சியம் என்று சொல்லவேண்டியதாயிற்று. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமரலாகாது என்பது சட்டம் பயில்வோர் முதல் வருஷத்திலேயே கற்கும் பாடம். விக்கிப்பீடியாவின் விதியும் அதுவே. தான் கலந்துகொண்ட தகராற்றில் நிர்வாகி தன் கருவிகளை எடுக்கக்கூடாது; வேறொரு நிர்வாகியிடம் முறையிட வேண்டும்.

இந்த நிர்வாகி என்பவர் யார்? பக்கங்களை நீக்குவதும், நீக்கியவற்றை மீட்பதும், கலகம் நடக்கும் பக்கத்தைச் சில காலம் பூட்டி வைப்பதும், விஷமம் செய்வோரைத் தடுப்பதும் அவருக்குரிய வேலைகள். ஒரு கட்டுரையில் எது உண்மை என்று தீர்மானிக்கும் விசேஷ உரிமை அவருக்குக் கிடையாது. அவ்விஷயத்தில் நேற்றுச் சேர்ந்த பயனருக்கும் அவருக்கும் ஒரே எடைதான். விக்கிப்பீடியாவை 2001-ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், நிர்வாகிப் பதவி பெரிய விஷயமன்று என்று 2003-லேயே கூறிவிட்டார். ஆங்கிலத்தில் அப்பதவிக்கு அவர்கள் சூட்டியுள்ள செல்லப் பெயர் தரை துடைக்கும் துடைப்பம். செங்கோல் என்று ஒருவரும் சொல்வதில்லை.

பதவி பெறும் முறையும் பகிரங்கமானது. பெயர் முன்மொழியப்பட்டதும் ஏனைய பயனர்கள் கேள்வி கேட்பார்கள், ஆதரிப்பார்கள் அல்லது ஆட்சேபிப்பார்கள், காரணமும் சொல்வார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த விசாரணை ஏழு நாள் நடக்கிறது. நூற்றுக்கு 65-க்கும் 75-க்கும் இடையில் ஆதரவு கிடைத்தால், வாதங்களின் வலுவை நிறுத்துப் பார்த்து முடிவு கூறுகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் நிர்வாகிப் பயிற்சி என்றே ஓர் ஏற்பாடு இருந்தது. மூத்த நிர்வாகி ஒருவர் ஓர் ஊழியரைச் சீடராக ஏற்று, கேள்விகள் கொடுத்து, விடைகளைத் திருத்துவார். நாளடைவில், இது பரீட்சையில் தேறக் கற்பிக்கிறதே தவிர நிதானத்தைக் கற்பிக்கவில்லை என்ற குறை எழுந்தது. அந்த ஏற்பாடும் நின்றுபோயிற்று. குறை கூறியவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பது நம் அபிப்பிராயம். விடைகளை மனப்பாடம் செய்து வக்கீலானவர்களை நாம் நீதிமன்றங்களில் கண்டிருக்கிறோம்.

பயிற்சியில்லாத அதிகாரம் என்ன விளைவிக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். குரோவேஷிய மொழி விக்கிப்பீடியா சில நிர்வாகிகளின் கையில் சிக்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே ஆண்ட உஸ்தாஷா ஆட்சியின் கொடுமைகளை மூடி மறைக்கும் விதத்தில் கட்டுரைகள் எழுந்தன. ஆட்சேபித்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள். 2013-ல் அந்நாட்டுக் கல்வி மந்திரியே மாணவர்கள் அதைப் படிக்கவேண்டாமென்று எச்சரிக்க நேர்ந்தது. விக்கிமீடியா நிறுவனத்தின் விசாரணை அறிக்கை 2021-ல்தான் வெளிவந்தது. இடையில் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றது ஸ்காட்ஸ் மொழியில் நடந்தது. அந்த மொழி அறியாத ஓர் அமெரிக்கச் சிறுவர், ஆங்கில வாக்கியங்களில் சொற்களை மட்டும் மாற்றி ஆயிரமாயிரம் கட்டுரைகள் எழுதி, அங்கே நிர்வாகியாகவும் ஆகிவிட்டார். 2020-ல் விஷயம் அம்பலமாயிற்று. அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தொண்டு செய்வதாகவே நம்பினார். “தம்பி, இது பிழை” என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு மூத்தவர் இல்லை என்பதே துன்பம். ஆட்கள் குறைந்த மொழிகளுக்கெல்லாம் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

தமிழுக்கு இந்த எச்சரிக்கை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கலைக்களஞ்சிய முயற்சியில் நாம் எவருக்கும் பின்னடைந்தவர்கள் அல்லர். ஆ. சிங்காரவேலு முதலியாரின் தனிமனித உழைப்பால் அபிதான சிந்தாமணி 1910-ல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொணர்ந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிற்று. தொடக்க காலம் முதல் அதற்கு உழைத்த இலங்கைக் கட்டிடக் கலைஞர் இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அளித்தது. முந்திய நூல்களுக்கு ஆசிரியர் குழுவே காவல். இதற்கோ நள்ளிரவில் கண் விழிக்கும் சில தொண்டர்களே காவல். ஆகவே காவலர்களின் குணம் இங்கே பெரிய விஷயமாகிறது.

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் சரித்திரத்திலிருந்தே இளைஞருக்கு ஒரு கதை சொன்னோம். 1751 முதல் பாரிஸில் திதெரோ வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை ழோக்கூர் என்ற கனவான் ஊதியமின்றி எழுதினார். 1759-ல் அரசாங்கம் அதன் அனுமதியைப் பறித்தது. ஆனால் திதெரோவை வாட்டியது அரசாங்கத்தின் தடையைவிட அச்சகத்தில் நடந்த சூழ்ச்சி. அச்சுக்கு அதிபரான லெ பிரெத்தோன், அபாயகரமென்று தாம் கருதிய பகுதிகளையெல்லாம் ஒருவருக்கும் சொல்லாமல் வெட்டிவிட்டார். 1764-ல் திதெரோ கண்டுகொண்டபோது காலம் கடந்துவிட்டது.

விக்கிப்பீடியாவில் நிர்வாகி ஒரு பக்கத்தை நீக்கினால், யார், எப்போது, என்ன காரணம் காட்டி நீக்கினார் என்பது உடனே பதிவாகிறது. எவரும் பார்க்கலாம், எவரும் கேட்கலாம், மற்றொரு நிர்வாகி மீட்கலாம். லெ பிரெத்தோனின் கத்தரிக்கோல் இருட்டில் வேலை செய்தது. இவர்களுடையது வெளிச்சத்தில் வேலை செய்கிறது. ஆகவே காரணத்தை எழுதாமல் நீக்கும் நிர்வாகி, வெளிச்சத்தை அணைத்தவராகிறார்.

இதைச் சொல்லும்போது நம் மனம் நம்மையே குத்திற்று. சில ஆண்டுகளுக்கு முன் நமது தலையங்கத்தைக் கண்டித்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார். இடமில்லையென்று ஒதுக்கினோம். இடம் இருந்தது. நம்முடைய நீக்கலுக்குப் பதிவேடு இல்லாததால் அது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சம்பவத்தையும் இளைஞரிடம் மறைக்காமல் கூறினோம். பயிற்சி தருகிறவர் தம் தவறுகளைச் சொல்லாவிட்டால் பயிற்சி பாதிதான்.

பிறகு அவருக்கு மூன்று வேலைகள் கொடுத்தோம். முதலாவது, அண்மைய மாற்றங்களை நாள்தோறும் பார்த்து, விஷமத்தையும் அறியாப் பிழையையும் பிரித்தறிவது. புதியவர் பிழை செய்தால் நீக்குவதோடு நில்லாமல் காரணத்தை அவருக்கு எழுதுவது. இரண்டாவது, நீக்கவேண்டுமென்று முன்மொழியப்பட்ட கட்டுரைகளுக்கு ஆதாரம் தேடிக் காப்பாற்ற முயல்வது. எதையும் காப்பாற்றிப் பழகாதவனுக்கு நீக்கும் உரிமையைத் தரலாகாது. மூன்றாவதுதான் கடினமானது. குயில் தோப்பைப் பற்றி எழுதும் எதிராளியிடம், உரையாடல் பக்கத்தில், மரியாதையாக ஆதாரம் கேட்பது.

மூன்றாவது வேலையை அவர் பத்து நாள் தள்ளிப்போட்டார். கடைசியில் எழுதினார். பதிலும் வந்தது. எதிராளி சேர்த்த மூன்று செய்திகளில் இரண்டுக்கு ஆதாரமில்லை. அவற்றை அவரே விட்டுவிட்டார். மூன்றாவதற்குப் பழைய அச்சு நூல் ஒன்றில் தக்க ஆதாரம் இருந்தது. நம் இளைஞர் விரும்பியபடி பூட்டும் தடையும் அன்றே அவர் கையில் இருந்திருந்தால், பொய்யோடு ஒரு மெய்யும் வெளியே நின்றிருக்கும். ஊரறிந்த ஒரு மனிதரைத் தமிழ் விக்கிப்பீடியா இழந்திருக்கும். இப்பொழுது இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியைத் திருத்தி வருகிறார்கள்.

நிர்வாகிப் பதவிக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறீர் என்று சென்ற வாரம் கேட்டோம். “அவசரமில்லை, ஐயா. இன்னும் ஓராண்டு போகட்டும்” என்றார். அவர் தகுதியடைந்து வருகிறார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் வாசகர்களில் உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். ஆதாரத்தை எடைபோடவும், கோபத்தை அடக்கவும், காரணம் எழுதி முடிவு கூறவும் பழகியவர்கள் அவர்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அங்கே இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள், மூத்தவர்கள் போதவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே சென்று, ஒரே ஓர் இளைஞருக்காவது பக்கத்துணையாக அமர்வார்களாயின், அது தமிழுக்குச் செய்த பெருந்தொண்டாகும். அவர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறோம்.