உஷார்! ஆய்வில் இருந்த நிபந்தனை எங்கே போனது?

முனைவர் பட்ட ஆய்வு எழுதுகிறவர்களே, மருத்துவர்களே, அறிவியல் செய்தி எழுதுகிறவர்களே, கவனியுங்கள்! அடுத்தவர் ஆய்வை எடுத்துக்காட்டும்போது நீங்கள் விட்டுவிடும் ஒரு நிபந்தனை உயிர்களைக் காவு வாங்கலாம். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

1980 ஜனவரி 10. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு எழுதினார்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஓபியாய்டு வகை வலி மருந்தை ஒருமுறையாவது பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாதிருந்து, பிறகு மருந்துக்கு அடிமையானதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருந்தது நான்கு பேருக்கு மட்டுமே. அத்தகைய நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்று முடித்தார்கள்.

முடிவைச் சுற்றி வேலி இருந்ததைப் பாருங்கள்: மருத்துவமனைக்குள், முன்பழக்கம் இல்லாதவர்களிடம். மாத்திரையை வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

அந்த வேலியைத்தான் பின்னால் வந்தவர்கள் பிடுங்கி எறிந்தார்கள். இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைக் கனடா ஆய்வாளர்கள் அலசி, 2017-இல் அதே இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 72.2 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. 80.8 சதவீதத்தில், கடிதம் பேசியது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றி என்ற தகவலே இல்லை!

1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா நிறுவனம், அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லத் தன் விற்பனைப் பிரதிநிதிகளைப் பழக்கியது. 1999 முதல் 2019 வரை ஓபியாய்டு மிகைநுகர்வில் அமெரிக்கா இழந்தது ஏறத்தாழ ஐந்து லட்சம் உயிர்கள். மருத்துவர் எழுதித்தந்த மருந்துகளும் சட்டவிரோத மருந்துகளும் சேர்ந்த கணக்கு அது. அத்தனைக்கும் ஒரு கடிதமே காரணம் அல்ல. ஆனால் மருத்துவர்களின் அச்சத்தைத் தணித்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. மெதுவாக உட்கிரகிக்கப்படுவதால் மருந்து தவறாகப் பயன்படுவது குறையும் என ‘நம்பப்படுகிறது’ என்று ஆக்ஸிகான்டினின் முதல் விவரக்குறிப்பு சொன்னது. நம்பியது யார்? எந்தச் சோதனையை வைத்து? சந்தேகத்தின் சாயலில் எழுதப்பட்ட அந்த வரி, விற்பனையில் உறுதிமொழியாக உதவியது. 2001-இல் அது நீக்கப்பட்டது, அதற்குள் தாமதமாகிவிட்டது.

எனவே இவற்றில் உஷாராக இருங்கள்:

• ஆய்வு யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் நடந்தது? இந்த மூன்றும் இல்லாமல் முடிவை மட்டும் எழுதாதீர்கள்.

• மூலத்தில் ‘இருக்கக்கூடும்’ என்றிருந்தால், உங்கள் கையில் அது ‘இருக்கிறது’ ஆகக்கூடாது. ‘தொடர்பு தெரிகிறது’ என்பதை ‘காரணம் இதுதான்’ என்று மாற்றவே மாற்றாதீர்கள்.

• ‘பதிவாகவில்லை’ என்பது ‘நிகழவில்லை’ ஆகாது. தேடாத இடத்தில் எதுவும் பதிவாகாது.

• ‘கருதப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று கண்டால் யாரால், எந்த ஆதாரத்தால் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியைச் சான்றாக எடுக்காதீர்கள்.

• அடுத்தவர் கட்டுரையின் மேற்கோளை அப்படியே நகலெடுக்காதீர்கள். அந்த ஐந்து வாக்கியக் கடிதத்தைத் திறந்து பார்த்தாலே நிபந்தனை கண்ணில் பட்டிருக்கும்.

ஆய்வாளர் தயங்கி எழுதினால் அது கோழைத்தனம் அல்ல. தன் சான்று எதுவரை தாங்கும் என்று அவர் சொல்லும் நேர்மை. அந்த எல்லையை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆய்வேட்டையோ செய்தியையோ அனுப்பக் காத்திருக்கிறீர்களா? நிறுத்துங்கள். உங்கள் வாதம் எந்த மேற்கோளின்மேல் நிற்கிறதோ, அதன் மூலத்தை இன்றே திறந்து, உங்கள் வாக்கியத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதன் பிறகு அனுப்புங்கள்.