ஜொகூர் லாமாவின் மண் அரண்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கிழக்கே போய் ஜொகூர் ஆற்றைக் கடந்தால், செம்பனைக் காடுகளுக்கு அப்பால் ஜொகூர் லாமா என்ற சிறு கம்பம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அது ஜொகூர் அரசின் தலைநகர். 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தபின் அதன் அரச குலம் இந்தப் பக்கம் ஒதுங்கியது. 1540 வாக்கில் சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா இங்கே கோட்டை கட்டினார். 1564இல் அச்சே படை ஊரை அழித்துச் சுல்தானையும் பிடித்துக்கொண்டு போனது. மறுபடி தலையெடுத்த ஊரை 1587இல் போர்த்துக்கீசியத் தளபதி டோம் பாலோ டி லிமா பெரைரா தரைமட்டமாக்கினார். அரசவை ஆற்றின் மேற்பகுதியில் பத்து சாவாருக்குப் போனது. 1673இல் ஜாம்பி படை அதையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவும் நடந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது, புல் மூடிய மண் அரணும் சில பழைய கல்லறைகளும்தான். மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளை மழையும் கரையானும் தின்றுவிட்டன. ஆனால் பீங்கான் மக்காது. 1960இல் தொல்லியலாளர்கள் வில்ஹெல்ம் சோல்ஹெய்மும் எர்னஸ்டின் கிரீனும் இங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் துண்டுகளும் உள்ளூர்ப் பானை ஓடுகளும் கிடைத்தன. பீங்கானில் தீட்டிய பூவேலையை வைத்தே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று கணிக்கலாம். அரசன் பெயரை ஏடுகள் காப்பாற்றும். அடுப்படியில் என்ன புழங்கியது என்பதை இந்த ஓடுகள்தான் சொல்லும்.

இப்படி ஆளில்லாமல் போன இன்னோர் ஊர் இங்கிலாந்தின் வாரம் பெர்சி. அந்தக் கிராமத்தை 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தார்கள். சாய்வெயில் விழும் நேரத்தில் அந்தப் புல்வெளியில் வீட்டு மேடைகளும் தெருப் பள்ளங்களும் நிழல்கோடுகளாகத் தெரியும். கூரை இழந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது. அங்கே கடைசிக் குடிகளைக் கிளப்பியது படையெடுப்பு அல்ல. உழவைவிட ஆட்டு மந்தை லாபம் என்று நிலக்கிழார்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 1950களில் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் தொடங்கியபோது எத்தனையோ குடும்பங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறின. அதைத் தடுக்கத்தான் 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயம் இருந்த இடத்தை இன்று காட்டிக்கொடுப்பவை ஓர் அம்மன் கோயில், வரிசை தப்பாமல் நிற்கும் மாமரங்கள், புதருக்குள் ஒரு சிமெண்டுப் படி.

இவற்றையும் தொல்லியல் தடயங்களாகவே நான் கருதுகிறேன். லயம் எந்தத் திசை பார்த்து நின்றது, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு எங்கே நடந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் குறிக்க இப்போது அகழாய்வு தேவையில்லை. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டாலே போதும். ஆனால் துண்டாடல் காலத்தில் பால் வெட்டியவர்களுக்கு எண்பது வயதுக்கு மேலாகிவிட்டது. இந்த ஆண்டே போய்க் கேட்க வேண்டும்.