காசுக்கு விற்கப்படும் கனடா வேலை



ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். நம் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் செல்கின்றனர். வளைகுடாவில் கனரக வாகனம் ஓட்டிய இளைஞர்களின் பார்வை இப்பொழுது கனடாவின் மீது விழுந்துள்ளது. "அங்கே டிரைலர் ஓட்ட ஆள் தேவை, இத்தனை லட்சம் கட்டினால் வேலை உறுதி" என்று ஏஜெண்டு கூறுகிறார். உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. வாப்பாவின் வீட்டுப் பத்திரம் வட்டிக்காரரிடம் போகிறது. அப்படி அடகு வைக்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

வேலைக்கு விலை உண்டா?

கனடாவில் ஒரு முதலாளிக்கு உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லையெனில், வெளிநாட்டவரை அமர்த்துவதற்குப் பொதுவாக அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதனை 'எல்.எம்.ஐ.ஏ.' என்பார்கள். ஓர் இடத்திற்குக் கட்டணம் 1,000 டாலர். அதை முதலாளியே செலுத்த வேண்டும். தொழிலாளியிடமிருந்து அதனைத் திரும்ப வசூலிப்பதையும், ஆள் சேர்க்கும் செலவை அவர் தலையில் கட்டுவதையும் அந்நாட்டுச் சட்டம் தடை செய்துள்ளது. மேலும், அந்த ஒப்புதல் கடிதம் விசா அன்று. அதனைக் கொண்டு வேலை அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது மறுக்கப்படவும் கூடும்.

ஆகவே, சட்டப்படி விலையே இல்லாத ஒன்றைத்தான் ஏஜெண்டு லட்சக்கணக்கில் விற்கிறார்! இக்கடிதங்கள் சந்தைச் சரக்காகிவிட்டதைக் கண்ட கனடா அரசு, நிரந்தரக் குடியேற்றத்திற்கான 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வேலைக் கடிதத்திற்கு அளித்து வந்த கூடுதல் மதிப்பெண்களை 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. அந்த மதிப்பெண்ணைக் காட்டி இன்றும் பணம் கேட்பவர், இல்லாத ஒன்றை விற்கிறார்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே. அவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ரசீது தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பொய்ச் சான்றிதழின் விலை

"ஓட்டிய அனுபவம் ஐந்து வருடம் என்று எழுதித் தருகிறோம்" என்பார் சிலர். விண்ணப்பத்தில் பொய் கூறியது கண்டறியப்பட்டால், கனடா குடியேற்றச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் அந்நாட்டில் நுழையத் தடை விதிக்கப்படும். ஏஜெண்டு எழுதிய பொய்யாயினும் கையொப்பமிட்டவரே பொறுப்பாளி. மார்க்கத்தின் தீர்ப்பும் அதுவே. பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

இந்தப் பொய் எழுதியவரோடும் நிற்பதில்லை. சாலையில் செல்லும் பிறர் உயிரையும் அது தொடுகிறது. ஐந்து அச்சு கொண்ட டிரைலர் சரக்குடன் 39,500 கிலோ வரை எடையுள்ளது. வளைகுடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கும் பனிச்சாலை புதியது. தார்ச்சாலையின் மீது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். அதில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காது, சறுக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கனரக வண்டிகள் சக்கரச் சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். கொட்டும் பனியில் இறங்கி, அதனைத் தம் கையாலேயே மாட்ட வேண்டும்.

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில், இளம் ஹாக்கி வீரர்கள் சென்ற பேருந்தின் பாதையில் ஒரு டிரைலர் குறுக்கே வந்தது. 16 பேர் மாண்டனர். 13 பேர் காயமுற்றனர். ஓட்டியவர் இந்தியாவிலிருந்து குடியேறிய இளைஞர். பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் குடித்திருக்கவில்லை. கைபேசியும் பேசவில்லை. பின்னால் தார்ப்பாய் படபடத்ததில் கவனம் சிதறி, நில் என்ற குறியைக் கடந்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2019 இல் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 இல் நாடுகடத்தும் உத்தரவும் பிறந்தது.

ஒன்ராறியோவில் 2017 முதலே குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. இந்த விபத்திற்குப் பின், 2019 இல் சஸ்காச்சுவான் 121.5 மணி நேரத்தையும், ஆல்பர்ட்டா 113 மணி நேரத்தையும் கட்டாயமாக்கின. இந்தப் பயிற்சியைச் சுருக்கித் தருவதாகக் கூறுபவர் உங்கள் பிள்ளைக்கு நன்மை செய்யவில்லை. அவன் கையில் பிறர் உயிரை ஒப்படைக்கிறார்.

சென்ற பின்

கனடாவின் தென்பகுதியில் ஓட்டுநர் ஒரு நாளில் 13 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது. 10 மணி நேரம் ஓய்வு வேண்டும். மாகாண எல்லை கடக்கும் வண்டிகளில் மின்னணுக் கருவி இதனைப் பதிவு செய்கிறது. "கருவியை ஏமாற்று" என்று முதலாளி கூறினால் கீழ்ப்படிய வேண்டியதில்லை. "உன் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய், சம்பளத்தை அதற்குத் தருகிறேன்" என்று கூறுவோரும் உண்டு. அதனால் ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம், விபத்து இழப்பீடு முதலான உரிமைகள் பறிபோகும். முதலாளி கொடுமைப்படுத்தினால், அவரை விட்டு வேறிடத்தில் பணிபுரியத் தனி அனுமதி கோரும் வழி 2019 ஜூன் முதல் உள்ளது. இதனை அறியாமல் அஞ்சி அடிமையாய்க் கிடப்போர் பலர்.

வண்டியில் எதை ஏற்றுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். மதுவும் பன்றி இறைச்சியும் சுமக்கும் வேலை நமக்கு ஆகாது. பயணத் தொழுகையின் சட்டங்களை அவரவர் மத்ஹபின்படி கற்றுச் செல்லட்டும்.

பெற்றோர்களே! பிள்ளையைப் போக வேண்டாம் என்று நான் கூறவில்லை. முறையான ஒப்புதல், உண்மையான சான்று, முழுமையான பயிற்சி ஆகிய மூன்றும் இருப்பின் பிஸ்மில்லாஹ் கூறி அனுப்புங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நகைப்பெட்டியைத் திறக்காதீர்கள். கடனும் பொய்யும் சுமந்து சென்றவன் அங்கே வேலையை விடவும் முடியாமல், ஊர் திரும்பவும் முடியாமல் தவிப்பான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தூய்மையான ரிஸ்கையும் பத்திரமான பயணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.