மின்னுவதெல்லாம் மருந்தல்ல

நம் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில், மூலிகை மரங்களால் செய்யப்பட்டது என்று சொல்லி ஒரு கட்டிலைக் காட்டுவார்கள். அதில் படுத்தால் உடலுக்கு நல்லது என்பது நம்பிக்கை. அரண்மனைக்கு ஒரு கட்டில் என்றால், சுமார் நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களுக்கும் ஒரு 'மருத்துவப் பெட்டி' கிடைத்தது. அதன் பெயர் ஊதாக் கதிர்ப் பெட்டி. அது என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டியைத் திறந்தால் ஒரு கைப்பிடியும், பலவிதக் கண்ணாடிக் குழாய்களும் இருக்கும். முகத்துக்குக் காளான் வடிவக் குழாய். தலைக்குச் சீப்பு வடிவக் குழாய். ஒன்றைக் கைப்பிடியில் செருகி மின்சாரம் கொடுத்தால், குழாய் ஊதா நிறத்தில் ஒளிரும். தோலருகே கொண்டு சென்றால் 'சடசட'வென்று பொறி பாயும். ஓசோன் வாயுவின் மணம் எழும்.

இது எவ்வாறு இயங்குகிறது? மின்சார மணியைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மின்காந்தம் தகட்டை இழுத்ததும் சுற்று அறுபடும். தகடு திரும்பியதும் மீண்டும் இணையும். பெட்டிக்குள்ளும் இதுவே நடக்கிறது. இடைவிடாமல் அறுபட்டு இணையும் மின்சாரம் ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது. மின்தேக்கி, சில சுற்றுகளே உள்ள கம்பிச் சுருளுக்குள் தன் மின்சாரத்தைக் கொட்டுகிறது. அதனருகே மிகப் பல சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள் உண்டு. அதில் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்துவிடும். இத்தகைய அமைப்பை 1891-ல் வகுத்தவர் நிக்கோலா டெஸ்லா.

இத்தனை வோல்ட் பாய்ந்தும் ஆள் பிழைப்பது எப்படி? திற்பரப்பு அருவியின் உச்சியிலிருந்து ஒரே ஒரு குவளைத் தண்ணீர் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உயரம் அதிகம், நீரோ கொஞ்சம். அதுபோல இங்கே அழுத்தம் அதிகம். ஓட்டம் மிகக் குறைவு. மேலும், நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. இதுவோ இலட்சக்கணக்கான சுழற்சிகள் கொண்டது. அவ்வளவு விரைவான மின்சாரத்துக்குத் தசைகள் துடிப்பதில்லை என்பதை அதே காலத்தில் பாரிஸ் நகரில் தார்சொன்வால் என்ற அறிஞர் கண்டறிந்தார்.

சரி, நோய் தீர்ந்ததா? தோல் சற்றே சிவந்து கதகதப்பாகும். விளம்பரங்களோ மூட்டுவாதம், ஆஸ்துமா, வழுக்கை, தூக்கமின்மை, பக்கவாதம் எல்லாம் தீரும் என்றன. ஒளி, ஒலி, மணம், கூச்சம் நான்கும் சேரும்போது 'ஏதோ நடக்கிறது' என்ற எண்ணம் வருவது இயல்பே. தானாகத் தீரும் தலைவலி தீர்ந்தாலும் புகழ் பெட்டிக்கே போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

இந்த மயக்கம் பெட்டிக்கும் முந்தியது. 18-ஆம் நூற்றாண்டில், மருந்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயைத் தேய்த்து மின்னேற்றினால் மருந்தின் குணம் கண்ணாடியைக் கடந்து நோயாளிக்குள் புகும் என்று இத்தாலியில் சிலர் கூறினர். பிரான்ஸ் நாட்டு நொல்லே என்பவர் மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். திருச்சபைப் பணியில் இருந்தவர். அவர் 1749-ல் இத்தாலிக்கே சென்று நேரில் சோதித்தார். கூறியபடி எதுவும் நடக்கவில்லை என்று கண்டு, அதை வெளியிட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின் பக்கவாத நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். முதல் சில நாட்கள் முன்னேற்றம் போலத் தெரிந்தது. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒன்றுமில்லை. நிலையான பயன் எதையும் காணவில்லை என்று 1757-ல் ஒளிக்காமல் எழுதினார்.

நம் தமிழ்நாட்டிலும் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக் காலம் 1798 - 1832) தம் விஞ்ஞானக் கருவிகளிடையே ஒரு மின்னியந்திரமும் வைத்திருந்தார். ஆனால் அவரிடம் நாம் கற்க வேண்டியது வேறு. கண்நோயாளிகளின் நிலையையும் சிகிச்சையையும் படங்களோடு அவர் பதிவு செய்து வைத்தார். அந்த ஏடுகள் தஞ்சையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. மருந்தைத் தந்துவிட்டு, பலன் என்ன என்று எழுதிப் பார்ப்பவர் எளிதில் ஏமாறமாட்டார்.

ஊதாக் கதிர்ப் பெட்டிக்கும் முடிவு வந்தது. 1951-ல் அமெரிக்க அரசு, பொய்யான மருத்துவ வாக்குறுதிகளுக்காக இக்கருவிகளைப் பறிமுதல் செய்தது. எனினும் மின்சாரத்தின் மீது பழி இல்லை. உயர் அதிர்வெண் மின்சாரத்தைக் கொண்டே 1926-ல் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்ற மருத்துவர், இரத்தப்போக்கை அடக்கி மூளையில் அறுவை சிகிச்சை செய்தார். இன்றும் அறுவை அரங்குகளில் அம்முறை உண்டு. அறிந்தவர் கையில் அது கருவி. விளம்பரக்காரர் கையில் அது கண்கட்டு வித்தை.

என் தோழி ஒருத்தி, முகப்பருவுக்கென்று இப்போது விற்கப்படும் இதே வகைச் சிறு கருவியை வாங்கலாமா என்று கேட்டாள். முதலில் தோல் மருத்துவரைக் கேள் என்பதே என் பதில். பழைய பெட்டி எதுவும் வீட்டுப் பரணில் கிடைத்தால் மின்சாரத்தில் செருகவே கூடாது. அவற்றுள் பல 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டில் வருவதோ 230 வோல்ட். பழைய கம்பியின் உறை உதிர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து காலதாமதம். வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தகுந்தவர்களுக்கு முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அந்த நேரத்தை வீட்டு வைத்தியத்தில் கழித்தால் திரும்பப் பெற முடியாது. நம் அருகிலுள்ள நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. அத்தகைய ஊரில் வாழும் நாம் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கலாமா?

தோழியரே, எந்தக் கருவியைக் கண்டாலும் 'இது ஒளிர்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'இதனால் எத்தனை பேர் குணமடைந்தார்கள்? அதை எழுதிப் பார்த்தவர் யார்?' என்று கேளுங்கள். பெற்றோருக்கும் சொல்லுங்கள்.